துட்டு கேக்காத இடம் புத்தி கேக்கும்

ஏ மருமவனே, பள்ளிக்கூட லீவுக்கு கோல்டு கோஸ்டு போயி, அந்த ராட்சத ராட்டினத்துல பிள்ளைகளை ஏத்தி இறக்கப் போறியாமே? கிரெடிட் கார்டைத் துடைச்சு வச்சிருக்கேன்னு அக்கா போன்ல சொன்னா. அவ குரல்ல பெருமை பாதி, பீதி பாதி. நாலு பேருக்கு விமான டிக்கெட், ஓட்டல் ரூமு, உள்ள நுழைய ஆளுக்கொரு சீட்டு, நுழைஞ்ச பொறவு ஒரு பாட்டில் தண்ணி வாங்க இன்னொரு கடன். நல்லா இரு. சம்பாதிக்குதவன் நீ, செலவழிக்குதவன் நீ. நடுவுல கேக்க கிழவன் நான் யாரு?

இருந்தாலும் கேக்குதேன். நீ குடியிருக்குற ஊரு எது? டார்வின். ஆஸ்திரேலியாவோட உச்சந்தலை. ஒரு பக்கம் கடலும் காடும் மழையும், தெக்கே இறங்குனா செம்மண்ணும் பாறையும் பொட்டல்வெளியும். உங்க நார்தர்ன் டெரிட்டரி, தமிழ்நாட்டைப் பத்து தடவை விரிச்சுப் போடுத நிலம். ஜனம் மொத்தமே ரெண்டரை லட்சம். எங்கெங்கயோ இருக்குறவனெல்லாம் துட்டைக் கட்டிக்கிட்டு அதைப் பாக்க வாரான். க்யூன்னா என்னன்னு தெரியாத ஊர்ல இருந்துக்கிட்டு, க்யூவுல நிக்கதுக்குன்னே நீ பறந்து போற.

எனக்குத் தெரியும், ஓசின்னா உனக்கு இளக்காரம். சீட்டுல விலை அச்சடிச்சிருந்தாத்தான் உனக்கு சந்தோசமே வரும். மே மாசம் வந்து இறங்கி, உங்க தெருவுல மாமரம் காய்ச்சுத் தொங்குத வரைக்கும் உக்காந்து சாப்பிட்டவன்கிற உரிமையில ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. துட்டு கேக்குத இடத்துக்குப் புத்தியை வீட்டுலயே வச்சிட்டுப் போகலாம். அவனே பெல்ட்டு மாட்டி விடுவான், சுத்தி விடுவான், இறக்கி விடுவான். துட்டு கேக்காத இடம் புத்தி கேக்கும். அதான் உனக்கு அது செலவு கூடுன இடமாத் தெரியுது போல.

முதல்ல தண்ணியைப் பேசுவோம். பிள்ளைகளுக்கு வேண்டியது சறுக்கு, குளம், கூச்சல். அம்புட்டுத்தானே? லீன்யர்ல ஒரு தண்ணிப் பூங்கா இருக்கு. மேல ஏறி, சறுக்கிக்கிட்டு வந்து, தொப்புன்னு தண்ணியில விழ வேண்டியது. குட்டிப் பிள்ளைக ஆடுததுக்குத் தனி இடம். வாசல்ல சீட்டு கிழிக்குத ஆளைத் தேடித் தேடிப் பாத்தேன், காணும். பால்மர்ஸ்டன்ல இன்னொண்ணு, அங்கயும் அதே கதைதான். வாட்டர்ஃப்ரண்டுக்குப் போனா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு. மெசின் போட்டு அலை கிளப்புத குளத்துக்குக் காசு. கடல் தண்ணியைத் தடுத்து, சொறிமுட்டை நுழையாம வலை கட்டி விட்ட குளத்துக்குக் காசில்லை. நீ எந்தக் குளத்துக்கு வரிசையில நிப்பேன்னு என்கிட்ட சொல்ல வேண்டாம். இந்த இடமெல்லாம் கேக்குத கூலி ஒண்ணே ஒண்ணு, உன் கண்ணு. காவலுக்கு ஆளு நிக்கான்னு நினைச்சு நீ போனைத் தடவிக்கிட்டு இருந்தா அது கணக்குல சேராது.

சாயங்காலம் ஈஸ்ட் பாயிண்டுக்குப் போ. அலெக்சாண்டர் ஏரின்னு பேரு, உள்ள கிடக்குதது உப்புத்தண்ணி. கரையில அடுப்பு கட்டி வச்சிருக்கான். மேடைமேல எவர்சில்வர் தகடு பதிச்சிருக்கும், ஓரத்துல ஒரு பித்தான். அமுக்குனாத் தகடு சூடேறும். யாரும் காசு கேக்க மாட்டான். ஊரே அதுல சாசேஜ் வாட்டுது. உங்க அத்தை அதைப் பாத்ததும், "இது தோசைக்கல்லுலா!"ன்னா. அடுத்த வாரம் ஒரு தூக்குச்சட்டி மாவோட வந்து நின்னா. முதத் தோசை ஒட்டிக்கிட்டு வர மாட்டேன்னுது. வெங்காயத்தைப் பாதியா நறுக்கி, எண்ணெயில தொட்டு, தகடு முழுக்கத் தேச்சா. ரெண்டாவது தோசை முறுகலா எந்திரிச்சு வந்துச்சு. பக்கத்து அடுப்புக்காரன் அவன் சாசேஜைக் கருக விட்டுட்டு இதையே பாத்துக்கிட்டு நின்னான். ஒண்ணு கொடுத்தோம். தின்னு பாத்துட்டு ரெண்டு சாசேஜை என் பக்கமா நீட்டினான். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்னு அத்தைகிட்ட சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு.

அந்த அடுப்புக்கும் ஒரு விலை உண்டு. தின்னு முடிச்சதும் தகட்டைச் சுரண்டித் துடைச்சு வச்சிட்டுப் போகணும், அடுத்தவனுக்கு. உங்க வீட்டு அடுப்பை நீ துடைச்சு நான் பாத்ததில்லை, அங்கயாவது துடை. இருட்டுத நேரத்துக்குப் புல்தரையில வாலபி வந்து மேயும். குட்டைச் சாதிக் கங்காரு. சும்மா உக்காந்து பாக்கணும். தோசையை நீட்டிச் செல்ஃபி எடுக்கப் போகாதே. காட்டு ஜீவனுக்கு நம்ம சாப்பாடு ஆகாது.

வெயில் ஏறிட்டா மியூசியம். ஃபேனி பேயில கடலைப் பாத்துக்கிட்டு நிக்குது. டெரிட்டரியில குடியிருக்குறவனுக்கு நிரந்தரக் காட்சியெல்லாம் இனாம், ஏசிக் காத்து அதுக்கு மேல இனாம். உள்ள 'ஸ்வீட்ஹார்ட்' படுத்திருக்கும். பேரைக் கேட்டு மருமக உன்னை முறைக்க வேண்டாம், அது முதலை. அதுவும் ஆம்பளை முதலை. நீளம் 5.1 மீட்டர், எடை 780 கிலோ. ஃபின்னிஸ் ஆத்துல அது குடியிருந்த மடுவோட பேரை வச்சு வந்த பேரு. அதுக்குப் பகை யாரோடன்னு நினைக்க? படகு மோட்டாரோட. மீன் பிடிக்க வாரவன் மோட்டாரை உறும விட்டாப் போதும், என் வீட்டுக்குள்ள வந்து எவன்டா உறுமுதான்னு பாஞ்சு வந்து கடிச்சு இழுக்கும். படகு கவுந்து ஆளு தண்ணிக்குள்ள விழுந்தா அவனைத் திரும்பிக்கூடப் பாக்காது. ஒரு மனுசனையும் அது கொல்லலை. 1979ல அதைப் பிடிச்சு வேற இடத்துல விடலாம்னு மயக்க மருந்து கொடுத்து இழுத்தாக. தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்த மரத்துல சிக்கி, மூச்சு முட்டிச் செத்துப் போச்சு. இப்ப பஞ்சடைச்சு வச்சிருக்காக.

உன் மக பலகையை எழுத்து விடாம வாசிச்சு எனக்குத் தமிழ்ல சொன்னா. சொல்லிட்டு, "தாத்தா, இதுல தப்பு யாரு மேல?"ன்னு கேட்டா. உங்க அப்பாகிட்டக் கேளுன்னு நைசாத் தள்ளி விட்டுட்டேன். இன்னும் கேக்கலைன்னா சீக்கிரம் கேப்பா. பதிலைத் தயார் பண்ணி வை.

அங்கனயே டிரேசி புயலுக்கு ஒரு கூடம். 1974 கிறிஸ்துமசுக்கு முந்துன ராத்திரி அடிக்க ஆரம்பிச்சு, விடியுததுக்குள்ள ஊரையே வாரிச் சுருட்டிருச்சு. 66 உயிர் போச்சு. விமான நிலையத்துல காத்து அளக்குத கருவி மணிக்கு 217 கிலோமீட்டர்னு காட்டிட்டு அதோட உடைஞ்சு போச்சு. அதுக்கு மேல அடிச்ச காத்தை அளக்க ஊர்ல கருவியே இல்ல. வீடுன்னு நின்னதுல பெரும்பாலானது தரைமட்டம். அங்க ஒரு சின்ன இருட்டறை இருக்கு. உள்ள போயி நின்னா, அந்த ராத்திரி ஒரு பாதிரியார் பதிவு பண்ணி வச்ச சத்தம் கேக்கும். படம் கிடையாது, வெளிச்சம் கிடையாது. காத்து ஊளையிடுதது, தகரம் எங்கயோ மோதி இழுபடுதது, அம்புட்டுத்தான். உன் மகன் என் வேட்டித் தலைப்பைப் பிடிச்சவன் வெளிய வந்த பொறவும் விடலை. "நம்ம வீட்டுக் கூரையும் பறக்குமா?"ன்னு கேட்டான். டிரேசிக்குப் பொறவு, காத்துக்குத் தாங்குத மாதிரித்தான் வீடு கட்டணும்னு சட்டமே மாறிப் போச்சு. அதை அவனுக்கு விளக்கிச் சொல்லு. ராட்டினத்துல பிள்ளை பயந்து கத்துனா இறங்குனதும் மறந்துரும். இந்தப் பயம் வீட்டுக் கூரையை ஆராய வைக்குது. அதுக்கு நீ காசு கொடுத்தாலும் கிடைக்காது. ரொம்பச் சின்னப் பிள்ளைன்னா மட்டும் வெளியவே நிறுத்திக்கோ.

தாவரவியல் பூங்காவும் இனாம்தான். 42 ஹெக்டேர், 1886ல இருந்து அதே இடத்துல இருக்கு. நிழல்ல பாயை விரிச்சுப் படுத்துக்கோ, பிள்ளைக ஓடட்டும். அந்தக் கடற்கரைப் பக்கம் எங்கயாவது புளியமரத்தைக் கண்டா, ஐயோ நம்ம ஊரு மரம்னு கட்டிப் பிடிச்சு அழாதே. வெள்ளைக்காரன் குடியேறுததுக்கு முன்னாலயே சுலவேசியில இருந்து மக்காசர் ஆளுக பாய்மரம் கட்டிக் கடல் அட்டை பிடிக்க வந்தாக. அவுக கொண்டு வந்த புளியில முளைச்ச சாதி அது. 1907 வரைக்கும் அந்தப் போக்குவரத்து நடந்துச்சு. கரையில இருந்த ஜனத்தோட பேச்சும் பண்டமும் மாத்திக்கிட்டாக. நீ நாலு வருசமா இருக்குற, பக்கத்து வீட்டுக்காரன் பேரு உனக்குத் தெரியலை.

இனி கடலு. கேசுவரினா கடற்கரையில மணலு மைல் கணக்குல கிடக்கும், தண்ணி கண்ணாடி போல மின்னும், பெரும்பாலான நாள் ஒரு ஆளு குளிக்க மாட்டான். ஆளில்லாத கடற்கரையைப் பாத்தா மத்த ஊர்ல சந்தோசப்படலாம். அந்த ஊர்ல ஏன் ஆளில்லைன்னு கேக்கணும். அக்டோபர்ல இருந்து மே வரைக்கும் பெட்டிச் சொறிமுட்டை வந்துரும். அதோட இழை மேல பட்டா உசுரையே எடுத்துரும். அதுக்குத்தான் கடற்கரையில வினிகர் பாட்டில் வச்சிருக்கான், உன் சாலடுக்கு இல்ல. முதலைக்கு மாசக் கணக்கே கிடையாது. வேட்டையாடி வேட்டையாடி மூவாயிரம்தான் மிச்சம்னு ஆன பொறவு 1971ல சட்டம் போட்டுக் காப்பாத்துனாக. இப்ப லட்சத்தைத் தொட்டிருக்கு. டார்வின் துறைமுகத்துல வருசா வருசம் கூண்டு வச்சுப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கான். உப்புத்தண்ணி முதலைன்னு பேரு இருக்கேன்னு ஆத்துல தைரியமா இறங்காதே. அதுக்கு நல்ல தண்ணியும் ஒண்ணுதான்.

பொறவு கடற்கரைக்கு எதுக்குப் போகணும்ங்க? கடல் வத்தும்போது போ. அங்க ஏத்தவத்தம் எட்டு மீட்டர் வரைக்கும் போகும். காலையில தண்ணி முட்டிக்கிட்டு நின்ன இடத்துல சாயங்காலம் பாறை, குழி, குழிக்குள்ள நண்டுன்னு பிள்ளைகளுக்கு ஒரு ஊரே விரிஞ்சு கிடக்கும். எத்தனை மணிக்கு வத்தும், எத்தனை மணிக்குத் திரும்பி ஏறும்னு பாத்து வச்சுக்கிடணும். சினிமா நேரமெல்லாம் மனப்பாடமாச் சொல்லுதியே, இதையும் பாரு.

வியாழனும் ஞாயிறும் மிண்டில் கடற்கரையில சந்தை, மழை இல்லாத மாசத்துல மட்டும். நுழைய இனாம். ஆனா அது சூதான இனாம், சொல்லிட்டேன். லக்சா மணக்கும், சாத்தே புகையும், மாம்பழத்தைக் குச்சியில குத்தி நீட்டுவான். வயித்தை வீட்டுலயே நிரப்பிட்டுப் போனவன் பொழைப்பான். பொழுது கடலுக்குள்ள இறங்குததைப் பாத்து ஜனம் கைதட்டுது. சூரியனுக்கே கைதட்டுத ஊரு! நாம தினம் கும்பிட்டும் இம்புட்டுச் சத்தம் போட்டதில்லை. அப்புறம் ஜூலை முதல் தேதி. 1978ல அந்தப் பிரதேசத்துக்குத் தன்னாட்சி வந்த நாள். அன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும், ஆறுல இருந்து பதினொண்ணு வரைக்கும், யாரு வேணாலும் வெடி வெடிக்கலாம். தீபாவளிக்கு ஒரு சரவெடி போட முடியலையேன்னு வருசா வருசம் மூக்கால அழுதியே, அன்னிக்குப் பாத்து கோல்டு கோஸ்டுல இருப்ப. வெடி வாங்கத்தான் துட்டு வேணும். அடுத்தவன் வெடிக்கதைப் பாக்க கழுத்து இருந்தாப் போதும்.

அடுத்தது எனக்குன்னே செஞ்ச இடம், ஃபாக் டேம். உங்க வீட்டுல இருந்து கிழக்கே ஒரு மணி நேர ஓட்டம். தாமிரபரணித் தண்ணியில நெல்லு போட்டுப் பொழைச்சவன் நான். அந்தக் கதையைக் கேட்டுட்டு அணைக்கரையில வாய்விட்டுச் சிரிச்சேன். 1950கள்ல பெரிய கம்பெனி ஒண்ணு வந்துச்சு. ஹம்ப்டி டூ பக்கத்துல இருக்குற வெள்ளக்காட்டைப் பூரா நெல்வயலாக்கி, ஆசியாவுக்கே அரிசி அனுப்பிரலாம்னு திட்டம். அமெரிக்காப் பணமும் சேந்து வந்துச்சு. டிராக்டரு இறங்குச்சு, அணை கட்டுனான், விதைச்சான். எல்லாத்துக்கும் ஆளு போட்டுக் கணக்குப் பாத்தவன் வாத்தை மட்டும் கணக்குல சேக்கலை.

மேக்பை வாத்துன்னு கறுப்பும் வெள்ளையுமா ஒரு சாதி, ஆயிரக்கணக்குல திரியும். அது காலங்காலமா மேயுத இடத்துல நீ நெல்லைப் போட்டா அது என்ன நினைக்கும்? எனக்குன்னு விருந்து வச்சிருக்கான்னு நினைச்சு வந்து உக்காந்துருச்சு. பத்தாததுக்கு மண்ணுல உப்பு, வடிகால் சரியில்லை, எலித் தொல்லை. பத்து வருசம் தாங்கலை, கடையைக் கட்டிட்டான். அணையும் தண்ணியும் மட்டும் மிஞ்சுச்சு. இப்ப அது முழுக்கப் பறவைகளுக்கு. நம்ம ஊர்ல வயக்காட்டுக்குப் பரண் கட்டிக் காவல் இருக்குதவனைப் படிக்காதவன்னு சொல்லுவியே, அவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தக் கம்பெனி தப்பிச்சிருக்கும்.

அங்க விடியக்காலையில போகணும். அணைக்கரையில கால் வச்சு நடக்கக் கூடாது, முதலை உண்டு. கார்ல மெதுவாப் போயி, பார்வை மேடையில ஏறி நின்னு பாரு. அல்லி இலை மேல ஒரு பறவை நடந்து போகும், இலைக்கோழி. விரலு ஒவ்வொண்ணும் சாண் நீளம் மாதிரித் தெரியும், அதனால இலை முங்காது. அந்தச் சாதியில முட்டையை அடைகாக்கதும் குஞ்சைப் பாக்கதும் ஆம்பளை வேலை. ஆபத்துன்னா குஞ்சுகளைச் சிறகுக்குள்ள இடுக்கிக்கிட்டு நடக்கும். குஞ்சோட காலு மட்டும் வெளிய ஊசி ஊசியாத் தொங்கும். அதை மருமக கண்ணுல காட்டாதே. உனக்கு வேலை கூடிப் போகும்.

ஒரு நாள் லிட்ச்ஃபீல்டுக்கு. டெரிட்டரிக்காரனுக்குக் காசில்லை. வெளியூர்க்காரன் 2023ல இருந்து பார்க் பாஸ் எடுக்கணும். மெல்பர்ன்ல இருந்து உன் சகலை வந்தா அவன் பாஸை அவனே எடுக்கட்டும். நீ பெரிய மனுசன் மாதிரி முந்திக்கிட்டுப் பர்ஸைத் திறக்காதே. அங்க பொட்டல்ல சுவரு சுவரா நிக்கும் புத்து. உங்க அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டுப் பால் பாக்கெட்டைத் தேட ஆரம்பிச்சுட்டா. உள்ள நாகராசா யாரும் இல்ல, கறையான் மட்டுந்தான் குடித்தனம்னு சொல்லி அடக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் புத்து எல்லாமே ஒரே திசையில நிக்கும். மெலிஞ்ச விளிம்பு வடக்கு தெக்கு, அகன்ற முகம் கிழக்கு மேற்கு. காலை வெயிலும் மாலை வெயிலும் முகத்துல விழும். உச்சி வெயில் விளிம்புல மட்டும் படும். அதனால உள்ள சூடு ரொம்ப ஏறாது, ரொம்ப இறங்காது. வாஸ்துக்காரனுக்குத் தட்சிணை கொடுத்து வீட்டை வாங்கிட்டு, மாசா மாசம் ஏசி பில்லைப் பாத்து முழிக்குத நீ அங்க கொஞ்ச நேரம் நின்னு யோசி. பொறவு பியூலிப் பாறைக்குழியில போயி உக்காரு. 'வாங்கி'ன்னு ஒரு அருவி, அதுல மட்டும் திறந்திருக்கா மூடியிருக்கான்னு பாத்துட்டு இறங்கு. மழைக் காலத்துல அங்க முதலை வந்துரும்னு மூடி வைப்பான்.

காலம் பாத்துப் போகுதது பத்தி ஒண்ணு சொல்லணும். உன் வாயில எப்பவும் ரெண்டே காலம், வெட்டு, டிரையி. காக்கடு தேசியப் பூங்காவுல காலங்காலமா இருக்குற ஜனம் வருசத்தை ஆறாப் பிரிச்சு வச்சிருக்கு. புல்லு சாயுத காத்து, தீ வைக்குத பருவம், இடி முழங்க ஆரம்பிக்குத பருவம்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு. நம்ம முன்னோரும் ஆறாத்தான் பிரிச்சாக. நீ ரெண்டு பக்கத்தையும் விட்டுட்டு போன்ல இருக்குற படத்தைப் பாத்துட்டுக் கிளம்புத. காக்கடுவுக்கும் உங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்ல. அங்க கேஹில்ஸ் கிராசிங்குன்னு ஆத்தைக் கடக்குத தரைப்பாலம் இருக்கு. கடல் ஏறி வரும்போது மீனு பாலத்து மேல தாவும், முதலை வாயைத் திறந்துக்கிட்டு வரிசையா நிக்கும். மேடை மேல நின்னு பாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆர்ன்ஹெம் லேண்டு. அனுமதிச் சீட்டு இல்லாம கால் வைக்கக் கூடாது. அது அடுத்தவன் வீடு.

லீவு மிச்சம் இருந்தா தெக்கே விடு வண்டியை. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஒரே கோடு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரைக்கும் 1,500 கிலோமீட்டர். நாலு லாரியைக் கோத்த மாதிரி 53 மீட்டர் நீளத்துக்கு ரோடு டிரெயின் வரும். அதை முந்தணும்னு உனக்குத் தோணும். முந்தாதே. இருட்டுனா கங்காரு குறுக்க பாயும், பொழுதோட ஒதுங்கிரு. காத்ரீன் தாண்டி மாட்டரங்காவுல பிட்டர் ஸ்பிரிங்ஸ், வெதுவெதுன்னு ஊத்து. ஒரு நுரை உருளையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு மிதந்தா தண்ணியே உன்னை வளைவு வளைவாக் கூட்டிட்டுப் போகும். பத்து நிமிசம் சும்மா கிடக்கணும், அதான் அது கேக்குத கூலி. உன்னால ஆகுமான்னு தெரியலை.

டெனன்ட் கிரீக்குக்குத் தெக்கே நூறு கிலோமீட்டர்ல கார்லு கார்லு. உருண்டைப் பாறை ஒண்ணு மேல ஒண்ணா, பிள்ளைக கண்ணாமூச்சி ஆடுததுக்குன்னே அடுக்குனாப்ல. அங்க நடந்த ஒரு சங்கதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லு. பறக்கும் டாக்டர் சேவையைத் தொடங்குன ஜான் ஃபிளின் சமாதிக்கு வைக்கன்னு 1950கள்ல அங்க இருந்து ஒரு பாறையைத் தூக்கிட்டுப் போயிட்டாக. நல்ல மனுசனுக்குச் செஞ்ச மரியாதைதான். ஆனா பாறைக்குச் சொந்தக்காரங்களை யாரும் கேக்கலை. அவுகளுக்கு அது புனிதமான கல்லு. விடாமக் கேட்டுக் கேட்டு 1999ல திரும்ப வாங்கி அதோட இடத்துல வச்சாக. சமாதிக்கு வேற கல்லு கொடுத்ததும் சமாதி இருக்குற மண்ணோட பூர்வ ஜனம்தான். ஊலுருன்னு பெரிய பாறை இருக்குலா, அதுல இருந்து கல்லைக் கிள்ளிட்டுப் போனவனெல்லாம் மன்னிப்புக் கடுதாசியோட அதைத் தபால்ல திருப்பி அனுப்புதான். உன் மகன் சட்டைப் பையை அப்பப்போ சோதனை போடு. என்னைக் கேட்டா உன் பையையும் சேத்துச் சோதிக்கணும்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல அன்சாக் குன்று மேல ஏறு, ஊரு முழுக்கத் தெரியும், காசில்லை. கீழ டாட் ஆறு, பேருக்குத்தான் ஆறு. மருமக மதுரைக்காரி, வைகையைப் பாத்து வளந்தவ, அவளுக்குப் பொறந்த ஊரு ஞாபகம் வந்துரும். அந்த வறண்ட மணல்ல வருசா வருசம் படகுப் போட்டி வைக்காக. படகுக்கு அடி கிடையாது. உள்ள நின்னு படகைத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டியது. 1993ல போட்டியை நிறுத்துனாக. ஏன்னு கேளு, ஆத்துல தண்ணி வந்துருச்சு!

இம்புட்டையும் கேட்டுட்டு, அட்டவணை போட்டு அனுப்புங்க மாமான்னு சொல்லுவ. போட மாட்டேன். நீ அதை எக்செல்ல ஏத்தி, ஆறு மணிக்கு முதலை, ஆறேகாலுக்கு அருவின்னு பிள்ளைகளை விரட்டுவ. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். துட்டு கேக்காத ஒவ்வொரு இடத்துலயும் ஒரு பலகை நிக்கும். இங்க இறங்காதே, இதைத் தொடாதே, இந்த மாசம் வராதே, இது இன்னாரோட மண்ணுன்னு எழுதியிருக்கும். நீ எந்தப் பலகையையும் முழுசா வாசிச்சு நான் பாத்ததில்லை. அது முன்னால நின்னு படம் மட்டும் எடுத்துக்கிடுத. உன் மக கடைசி எழுத்து வரைக்கும் வாசிக்கா, புரியலைன்னா நின்னு கேக்கா. அதனால இந்த லீவுக்குத் தலைவி அவ. எங்க போகணும், எங்க நிக்கணும், எங்க தண்ணியில கால் வைக்கலாம்ங்கதை அவ சொல்லட்டும். மருமக சாப்பாட்டைப் பாத்துக்கிடுவா. நீ தண்ணிக் கேனைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போ.